குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறார்கள்

மாதா துணை

தேயிலைத் தோட்டம், பிரிஞ்சாங்
21 ஏப்ரல் 2024

அன்புள்ள டோரீன் அக்காவுக்குத் தம்பி அம்புரோஸ் எழுதுவது.

கிள்ளானில் நீயும் உன் முழங்காலும் சுகமா? இங்கே நான், நவமணி, மகள் வனஸ்ஸா மூவரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி உள்ளதைச் சொல்கிறேன்.

ஃபோன் இருக்கும்போது இவனுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது உன் குரல் அமுங்கி வந்தது. பக்கத்தில் ஆளை வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருந்தது. “யாருக்கா பக்கத்துல?” என்று கேட்டேன். அதற்கும் முணுமுணுத்தாய். வாட்ஸாப்பில் எழுதலாம் என்றால் என் கைப்பேசி பாதி நேரம் வனஸ்ஸாவிடம். அதனால்தான் தாளை எடுத்தேன்.

விஷயம் இதுதான். எனக்குத் தெரியாமல் வீட்டில் என்னவோ நடக்கிறது. பிப்ரவரியில் ஈப்போவில் என் நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள் அல்லவா? “கட்டி முழுசா வந்துடுச்சு, நாலு தடவ கீமோ ஏத்தினா போதும்” என்றார்கள். இரண்டு ஏற்றியாகிவிட்டது. இரண்டாவதற்குப் பிறகு தாயும் மகளும் பேச்சைத் தணித்துக்கொண்டார்கள். அடுப்படியில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசுகிறார்கள். நான் போய் நின்றால் நிறுத்திவிடுகிறார்கள். “என்னா பேச்சு?” என்றால் வனஸ்ஸா வாயை அசைக்கிறாள், அவ்வளவுதான்.

நம் குடும்பத்தில் எப்போது குழாயைத் திறந்துவிட்டுப் பேசுவோம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அப்பாவுக்கு வயிற்றில் புற்றுநோய் வந்தபோது அந்த வித்தையைக் கண்டுபிடித்தவளே நீதான். “குடல் புண்ணுப்பா, கஞ்சி குடிச்சா ஆறிடும்” என்று நீ ஆரம்பித்தாய். நாங்கள் எல்லாரும் பின்பாட்டுப் பாடினோம். ஆறு மாதம் கஞ்சி குடித்துவிட்டு அவர் போய்ச் சேர்ந்தார்.

நவமணி உன்னிடம் மறைக்கமாட்டாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டு எழுது. கட்டி திரும்பிவிட்டதென்றால் திரும்பிவிட்டது என்றே எழுது.

இந்த வருஷம் சில்வண்டுத் தொல்லை தாங்கவில்லை. பகல் இரவு பார்க்காமல் கத்துகிறது. தூக்கமே இல்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.
தம்பி அம்புரோஸ்

*

கிள்ளான்
29 ஏப்ரல் 2024

அன்புத் தம்பிக்கு அக்காவின் ஆசீர்.

முழங்கால் சுகமில்லை. வாய் சுகமாக இருக்கிறது. மின்சார பில் தவிர வேறு தபால் வராத வீடு இது. உன் கையெழுத்தைப் பார்த்ததும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து நாற்காலியில் உட்கார்ந்துதான் பிரித்தேன்.

முதலில் என்மேல் போட்ட பழிக்குப் பதில். அன்று என் பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். நான் டெக்ஸி பிடித்துக் கோயிலுக்குப் போன கதையைச் சொல்கிறேன், நீ “ஆமா, இங்கயும் நல்ல மழை” என்கிறாய். மனதை எங்கேயோ வைத்துக்கொண்டு பேசினால் அப்படித்தான்.

நவமணியைக் கேட்டேன். “ஸ்கேன் கிளீன் அண்ணி. எங்கேயும் ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க” என்றாள். பிறகு, “ஆனா அவரு முன்ன மாதிரி இல்ல அண்ணி” என்றாள். என்ன என்று கேட்பதற்குள், “அவரு வர்றாரு” என்று வைத்துவிட்டாள்.

எனக்கும் இப்போது உறுத்துகிறது. பொய் சொல்லிப் பழகியவளுக்குப் பொய்யின் வாடை தெரியும். நவமணியிடம் பொய் இல்லை, பயம்தான் இருந்தது. எதற்கு அந்தப் பயம் என்று துருவாமல் விடமாட்டேன். அதுவரை நீ கண்டதை நினைத்துக் குழம்பாதே. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

நேரத்துக்குச் சாப்பிடு. மாத்திரையை மறக்காதே.
அக்கா டோரீன்

*

மாதா துணை

பிரிஞ்சாங்
12 மே 2024

அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். மூன்றாவது கீமோவும் இரண்டாம் தேதி ஏறிவிட்டது. வாயில் இரும்பு ருசி. சோறு இறங்கவில்லை.

பேய் இல்லை, ஆட்களைத்தான் பார்க்கிறேன். கேள்.

உடம்பு தேறுகிற வாரத்தில் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்கு வந்து கணக்கெடுத்தால் போதும் என்று துரை சொல்லியிருந்தார். போனேன். மலைச்சரிவில் கொழுந்து வெட்டும் மோட்டார்களை நிறுத்தச் சொல்ல, ஆள் மேய்க்கிற மண்டோருக்கு விசில்தான் வாய். என் விசில் கெட்டுவிட்டது. ஊதினால் வெறும் காற்று. பிரிஞ்சாங்கில் புதிது வாங்கினேன். அதுவும் காற்று. திருப்பிக் கொண்டுபோனேன். சீனக் கடைக்காரர் தானே ஊதிப் பார்த்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறொன்று தந்தார். அதற்கும் அதே கதி. மூச்சு முட்ட மூன்று முறை ஊதினால் பங்களாதேசத்து ஆட்கள் காதைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். “சுடா, மண்டோர், சுடா!” போதும் போதும் என்று கையைக் காட்டுகிறான் ஒருவன். முப்பது வருஷ மண்டோர் நான். சாகப்போகிறவன் என்று தோட்டத்துக்கே தெரிந்துவிட்டது, இல்லாவிட்டால் இந்தத் துணிச்சல் வருமா?

போன செவ்வாய்க்கிழமை தானா ராத்தாவிலிருந்து ஃபாதர் வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுப் போனார். பிழைக்கிறவனுக்கு யார் அக்கா எண்ணெய் பூசுவார்கள்?

டாக்டரம்மா முகமூடிக்குள் பேசுகிறார். எனக்கு ஒரு வார்த்தை, நவமணிக்குப் பத்து வார்த்தை. வரும் வழியில் கம்போங் ராஜா வரைக்கும் காரில் ஒருத்தி வாய் திறக்கவில்லை. “என்னா சொன்னாங்க?” என்று கேட்டேன். நவமணி முன்னால் பார்த்தபடி உதட்டை அசைத்தாள்.

ஆகவே முடிவு செய்துவிட்டேன். ஜூன் நாலாம் தேதி நாலாவது கீமோ. நான் போகப்போவதில்லை. எப்படியும் போகிற உயிருக்கு இன்னொரு ஊசி எதற்கு? இதை நவமணியிடம் சொல்லாதே.

உன் காலுக்கு எண்ணெய் தேய்.
அம்புரோஸ்

*

பிரிஞ்சாங்
16 மே 2024

அண்ணிக்கு நவமணி வணக்கத்துடன் எழுதுவது.

நீங்கள் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். ஃபோனில் பேசத்தான் இருந்தேன். ஃபோனைக் காதில் வைத்தாலே அவர் எதிரில் வந்து நின்று என் வாயையே பார்க்கிறார். அதனால் குளியலறையில் பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். எழுத்துக் கோணலுக்கு மன்னிக்கவும்.

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்காதீர்கள் அண்ணி. அவருக்கு நீங்கள் என்ன எழுதுகிறீர்கள்? உங்கள் கடிதத்தைத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறார். அது வந்த பிறகுதான் முகம் இன்னும் இறுகிப்போனது. ஃபாதரை நீங்கள்தான் அனுப்பினீர்களா?

மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. நோய்க் கோபம் என்று நாங்களும் பேச்சைக் குறைத்துக்கொண்டோம். டிவியைப் போட்டால் லயத்தில் பக்கத்து வீடெல்லாம் அதிர்கிறது. வனஸ்ஸா ஹோட்டல் வேலை முடிந்து வந்து ஆசையாக ஏதாவது சொன்னால், “என்னாடி முணுமுணுப்பு?” என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். பிள்ளை அழுதுகொண்டே படுக்கிறது. சில்வண்டு கத்துது, ஜன்னலைச் சாத்து என்கிறார். எனக்கு ஒரு சில்வண்டும் கேட்கவில்லை. மனசு பேதலித்துவிட்டதோ என்று பயந்து சாகிறேன்.

அவருக்குத் தெரியாமல் பதில் போடுங்கள்.
நவமணி

*

கிள்ளான்
20 மே 2024

அம்புரோஸ்,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அவசரம்.

உன் கடிதங்களையும் நவமணி எழுதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன். ஆமாம், அவளும் எழுதினாள். கோபித்துக்கொள், பரவாயில்லை. ஊருக்கே கேட்காத சில்வண்டு உனக்கு மட்டும் கத்துகிறது. ஊரே காதைப் பொத்துகிற விசில் உனக்கு மட்டும் காற்று. எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. டேய், உனக்குக் காது போய்விட்டது.

நவமணியிடம் மருந்தின் பெயரை வாங்கிக்கொண்டு கீழே மருந்துக்கடைக்கு நொண்டிக்கொண்டே போனேன். சிஸ்பிளாட்டின் என்று சீட்டில் எழுதியிருந்தேன். கடையில் இருக்கிற சசிரேகா அதைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? “தம்பிக்குக் காது நல்லா கேக்குதா ஆன்ட்டி?” கட்டியைக் கொல்கிற அந்த மருந்து சில பேருக்குக் காதின் உள்நரம்பையும் சேர்த்துக் கெடுத்துவிடுமாம். முதலில் கீச்சென்ற சத்தங்கள் போகும். விசில், குருவி, பெண்பிள்ளைகளின் குரல். லோரி, இடி, ஆம்பளை குரல் எல்லாம் நிற்கும். சத்தம் கேட்கிறதே என்று நம்பிக்கொண்டு, பேசுகிறவர்கள் முணுமுணுக்கிறார்கள் என்று சண்டைக்குப் போவார்களாம். சில்வண்டு வெளியில் இல்லை, உன் காதுக்குள் இருக்கிறது.

ஃபாதருக்கு ஃபோன் போட்டது நான்தான். நோயில் பூசுதல் சுகம் கிடைக்கத் தருவது. ஞானோபதேச வகுப்பில் நீ தூங்கியதற்கு நான் என்ன செய்ய?

நான் சொன்னால் நம்பமாட்டாய் என்று தெரியும். அதனால் யாரையும் நம்பாமல் செய்கிற ஒரு வேலை சொல்கிறேன். அந்த விசிலை எடுத்துக்கொண்டு உன்னை ஒருவருக்கும் தெரியாத இடத்துக்குப் போ. ஒரே ஒரு தரம் ஊது. யார் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பார். முன்பின் தெரியாதவனுக்கு உன்னை ஏமாற்றி என்ன ஆகப்போகிறது?

பார்த்துவிட்டு எழுது. உடம்பு எப்படி இருக்கிறது?
அக்கா

*

மாதா துணை

பிரிஞ்சாங்
25 மே 2024

அக்காவுக்கு,

நீ சொன்னதைச் செய்தேன். வியாழக்கிழமை பஸ் ஏறித் திரிங்காப்பில் இறங்கினேன். ரோட்டுக்குக் கீழே கோஸ் தோட்டம். பத்துப் பன்னிரண்டு பேர் முதுகைக் காட்டிக் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்கள். லோரியில் ஒருவர் கூடை ஏற்றிக்கொண்டிருந்தார். ஒருவருக்கும் என்னைத் தெரியாது. விசிலை வாயில் வைத்து ஊதினேன்.

காற்றுதான் வந்தது, அக்கா. ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். லோரிக்கு அடியில் படுத்திருந்த நாய் எழுந்துவிட்டது. கூடைக்காரர் என்னைப் பார்த்துக் கையை வீசித் திட்டினார். எனக்கு அவர் வாய்தான் தெரிந்தது. அங்கேயே ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். அம்பத்தாறு வயது ஆள், பட்டப்பகலில். ஒரு பெண் தண்ணீர் போத்தல் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

சரி, காது போய்விட்டது. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்து படுத்து யோசித்தேன். நெஞ்சில் போட்ட மருந்து காதுக்கு எப்படிப் போகும்? நெஞ்சில் இருந்த நோய்தான் தலைக்கு ஏறியிருக்கிறது. முதலில் காது, அடுத்தது கண்ணாக இருக்கும். இதைத்தான் நவமணியிடம் டாக்டர் பத்து வார்த்தையில் சொல்லியிருக்கிறார். இதைத்தான் நீயும் மருந்துமேல் பழியைப் போட்டு மூடுகிறாய். அப்பாவுக்குக் குடல் புண், எனக்கு மருந்துக் கோளாறு. உன் கைவேலை எனக்குத் தெரியாதா?

நாலாம் தேதி நான் போகவில்லை. அது உறுதி.

எல்லாருக்கும் அன்பு.
அம்புரோஸ்

*

பிரிஞ்சாங்
28 மே 2024

அண்ணிக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். காதுதான் கோளாறு, நாலாவது கீமோவுக்கும் வரமாட்டேன் என்கிறார் என்று நீங்கள் வாட்ஸாப்பில் சொன்ன பிறகுதான் எனக்கே எல்லாம் விளங்கியது. நானும் வனஸ்ஸாவும் ஒரு மணி நேரம் அழுதோம். நாங்கள் கோபம் என்றல்லவா நினைத்துப் பேசாமல் இருந்தோம்!

இன்று நானே தனியாக ஈப்போ போய் டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் காதைப் பற்றிக் கேட்டார்களாம், அவர் ஒன்றும் இல்லை என்றாராம். நாலாம் தேதி முதலில் காதுக்கு டெஸ்ட், பிறகு காதைக் கெடுக்காத வேறு மருந்து போடுவோம் என்கிறார்கள். போன மாதம் எடுத்த தலை ஸ்கேனையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கடைசிக் கீமோவை விடக் கூடாது, கண்ணுக்குத் தெரியாமல் எங்காவது ஒட்டிக்கொண்டிருந்தால் மறுபடி முளைக்கும் என்று அழுத்திச் சொன்னார்கள்.

இன்னொன்றும் சொன்னார்கள். போன காது போனதுதான். திரும்பாது. இதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள் அண்ணி, உங்கள் காலில் விழுகிறேன். கீமோ முடிந்தால் கேட்க ஆரம்பித்துவிடும் என்று எழுதுங்கள். அந்த ஆசையிலாவது கிளம்பி வருவார். வந்தபிறகு மெதுவாகச் சொல்லிக்கொள்வோம்.

நவமணி

*

கிள்ளான்
30 மே 2024
போஸ்லாஜு (விரைவுத் தபால்)

தம்பி,

இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது உட்கார்ந்திரு.

அப்பா விஷயம் முதலில். சாவதற்கு இரண்டு நாள் முன்னால் நான் கஞ்சி கொண்டுபோனேன். “புண்ணு இல்லன்னு எனக்குத் தெரியும்மா. நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்” என்றார். அப்போதும் நான், “சும்மா இருங்கப்பா, ஆறிடும்” என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு என்னிடம் பேசவில்லை. இருபத்தாறு வருஷமாக இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. ஃபாதரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட இல்லை.

இப்போது உன் விஷயம். நவமணி நேற்று முன்தினம் டாக்டரைப் பார்த்தாள். உன் தலையில் ஒன்றும் இல்லை. நெஞ்சில் ஒன்றும் இல்லை. நாலாவதை விட்டால் திரும்ப வரலாம். மருந்து ரத்தத்தில் ஓடுகிறது, ரத்தம் காதுக்கும் போகிறது, அவ்வளவுதான் கணக்கு. நாலாவதற்கு வேறு மருந்து போடுவார்கள்.

உன்னிடம் மறைக்கச் சொல்லி நவமணி என்னைக் கெஞ்சிக் கேட்டது ஒன்று இருக்கிறது. நீ சந்தேகப்பட்டது சரிதான், மறைக்க ஒன்று இருந்தது. அது இதுதான். போன காது திரும்பி வராது. ஊசி முடிந்தாலும் வராது, ஜெபித்தாலும் வராது. காதுக்கருவி வைத்தால் கொஞ்சம் உதவும். பழையபடி ஆகாது. நீ விசில் ஊதி ஆள் மேய்த்தது முடிந்துவிட்டது.

சொல்லிவிட்டேன். “வந்துரும்டா” என்று எழுதியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும், நீயும் குதித்துக்கொண்டு போயிருப்பாய். உன்னையும் சுவர்ப்பக்கம் திரும்ப வைக்க எனக்குத் தெம்பில்லை. நவமணியைத் திட்டாதே. இனி உனக்குத் தெரியாதது எங்களிடம் எதுவும் இல்லை.

நாலாம் தேதி போ. அக்காவுக்காகப் போக வேண்டாம், உயிரோடு இருக்கப் போ.
டோரீன்

*

மாதா துணை

பிரிஞ்சாங்
9 ஜூன் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முழங்கால் எப்படி? இங்கே எனக்கு வாந்தி நின்று இரண்டு நாள் ஆகிறது. ரசஞ்சோறு இறங்குகிறது.

போனேன்.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. திரும்பி வராது என்ற இடத்துக்கு வந்ததும் தாளைக் கசக்கி எறிந்தேன். நீ பாவி, ஈரமில்லாதவள் என்று என்னென்னவோ கத்தினேன். நவமணி எடுத்துப் படித்துவிட்டு அவளும் உன்னைத் திட்டினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே கட்சியில் நின்றது அன்றுதான். பிறகு கொஞ்ச நேரம் கழித்து எனக்கு வேறு யோசனை வந்தது. என்னை ஏமாற்றி அழைத்துப்போக நினைக்கிறவள் இதை எழுதுவாளா? இதை மறைத்திருந்தால்தானே என்னைச் சுலபமாகக் கிளப்பியிருக்க முடியும்? இதையே சொல்லிவிட்டாய் என்றால் ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்பதும் நிஜம்தான். அப்புறம் நவமணியிடம் சட்டையை எடுத்து வைக்கச் சொன்னேன்.

ஈப்போவில் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துக் காதுக்கு ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். வெளியே அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் வராமல் காத்திருந்தேன். பிறகுதான் புரிந்தது, வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிவிட்டு, என் பக்கம் நாற்காலியைத் திருப்பிப்போட்டுக்கொண்டு பேசினார். “தெலிங்கா ஓக்கே?” என்று ஒவ்வொரு தரமும் கேட்டாராம். மலாயில் காது சரியா என்றுதான். சாப்பிட்டாயா என்று கேட்கிறார் என நினைத்து நான் தலையை ஆட்டி, “ஓக்கே லா டாக்டர்” என்று சொல்லியிருக்கிறேன். கேட்காத காதிடம் காதைப் பற்றிக் கேட்டால் வேறென்ன கிடைக்கும்! அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். நவமணிக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

துரையிடம் சொல்லிவிட்டேன். இனி மண்டோர் வேலை இல்லை, கொழுந்து நிறுக்கும் இடத்தில் போடுகிறேன் என்றார். நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது.

சந்தேகம் முழுதாகப் போய்விட்டது என்று சொன்னால் அது பொய். இரண்டு பேர் தூரத்தில் நின்று பேசினால் என்னைத்தான் என்று இன்னும் அவர்கள் வாயையே பார்க்கிறேன். காதுதான் காரணம் என்று தெரிந்தும் மனசு கேட்பதில்லை. நீங்கள் எல்லாரும் கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இராத்திரி படுக்கும்போது வனஸ்ஸா குரலை நினைத்துப் பார்க்கிறேன். கடைசியாக அவள் குரலைச் சரியாகக் கேட்டது என்றைக்கு, என்ன சொன்னாள் என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. தெரிந்திருந்தால் அன்று இன்னும் கொஞ்ச நேரம் பேசச் சொல்லியிருப்பேன். அவளை “முணுமுணுக்கிறாள்” என்று தட்டைத் தள்ளினேனே, அதை நினைத்தால் என்னையே அறைய வேண்டும் போல் இருக்கிறது.

நேற்றுக் காலை ஹோட்டல் வேன் வந்து நின்றது. ஏறப் போனவள் என்னவோ நினைத்துத் திரும்பி வந்தாள். என் தாடையைக் கையில் பிடித்துத் தன் முகத்துக்கு நேரே நிமிர்த்தினாள். உதடு ஒரு தரம் மூடித் திறந்தது. அப்பா என்றாள். எனக்குக் கேட்கவில்லை, அக்கா. “என்னம்மா?” என்றேன்.

உன் தம்பி
அம்புரோஸ்